கேஸ் தீர்ந்துபோகாது, ஐயா! பழைய டக்டபிள் ஏசியை வீட்டில் மாட்டும் முன்

இந்தக் கோடையில் இது நான்காவது வீடு. இனியும் எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

சென்னையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. மூடிவிட்ட ஒரு துணிக்கடையில் கழற்றிய 8.5 டன் டக்டபிள் ஏசியை (ஒரே இயந்திரத்தின் குளிர்காற்றை டக்ட் என்ற பெரிய காற்றுக் குழாய் வழியாகப் பல அறைக்கும் அனுப்பும் வகை) மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைக்கும் சேர்த்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மாட்டியிருந்தார்கள். மாட்டி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று முறை கேஸ் போட்டாயிற்று. "பழைய மிஷின்தானே தம்பி, கேஸ் சீக்கிரம் தீர்ந்துடும்னு மாட்டினவரு சொன்னாரு" என்றார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர். அவரையே நம்ப வைத்துவிட்டார்கள்.

கேஸ் தீராது. ஸ்கூட்டரில் பெட்ரோல் எரிவதுபோல ஏசியில் கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகி அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை நினைத்துப் பாருங்கள். பத்து வருடமாக இரவு பகல் ஓடுகிறதே, எத்தனை முறை கேஸ் போட்டீர்கள்? ஃப்ரிட்ஜில் தீராத கேஸ் ஏசியில் மட்டும் எப்படித் தீரும்? குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "சர்வீஸ் பண்ணும்போது கொஞ்சம் கேஸ் டாப்-அப் பண்ணிடுங்க" என்று கேட்பவர்களிடம் இருபது வருடமாக இதைத்தான் சொல்கிறேன். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தைக் குழாயடியில் வைப்பதுதான்.

அந்த வீட்டில் ஓட்டையைத் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. இன்டோர் காயிலின் ஓரத்து வளைவில் டார்ச் அடித்தேன். ஒரே ஒரு வளைவில் மட்டும் தூசி கறுத்து, மையாக ஒட்டியிருந்தது. விரலில் தொட்டால் எண்ணெய். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டும். மூன்று முறை கேஸ் போட வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் டார்ச் அடிக்கவில்லை.

அதைவிட மோசமானதை கேஜ், அதாவது கேஸின் அழுத்தத்தை அளக்கும் மீட்டர், சொன்னது. இயந்திரம் ஆர்-22 என்ற பழைய வகை கேஸுக்குச் செய்தது. நிறுத்தி வைத்து, எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்தபின், 32 டிகிரியில் சுமார் 168 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். காட்டியது 210. உள்ளே காற்று நின்றிருக்க வேண்டும், அல்லது வேறு கேஸைக் கலந்திருக்க வேண்டும். இரண்டுமே கம்ப்ரசருக்கு எமன். மேற்கொண்டு கேஸ் போட்டுச் சரிசெய்ய வழியே இல்லை. முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030-க்குள் அதன் பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதும் நிறுத்த வேண்டும். இனி அது கிடைப்பது குறையும், விலை ஏறும். அதனால்தான் சிலர் ஆர்-290-ஐ நிரப்பிவிடுகிறார்கள். அது புரோப்பேன், சமையல் சிலிண்டரில் இருக்கும் வகையறா. அதற்கென்று வடிவமைக்காத இயந்திரத்தில் அதை நிரப்பி, டக்ட் வழியாகப் படுக்கையறைக்குக் காற்று விடுவது சரியா என்று நீங்களே யோசியுங்கள்.

டன் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். துணிக்கடைக்கான 8.5 டன்னை எழுநூறு சதுர அடியில் மாட்டினால் சில நிமிடத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரம் மட்டும் அப்படியே நிற்கும். சென்னைப் புழுக்கத்தில் அது சுவரில் பூஞ்சையாகத்தான் முடியும். கரண்ட்டும் ஏறக்குறைய 10 கிலோவாட் இழுக்கும். உங்கள் மின் இணைப்புக்கு எவ்வளவு லோடு வாங்கியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அந்த வீட்டில் டக்ட்டின் இன்சுலேஷன் கிழிந்து, வியர்த்த தண்ணீர் ஜிப்சம் போர்டில் ஊறி, ஒரு பலகை கட்டில்மேல் விழுந்திருந்தது. பேத்தி அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றும் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே கழற்றி குடோனில் கிடப்பதைத் தொடாதீர்கள். அவுட்டோரின் அலுமினியத் தகட்டை நகத்தால் கீறுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடலோரத்தில் ஓடிய இயந்திரம் என்றால் இதை மறக்கவே கூடாது. பழைய காப்பர் பைப்பை மறுபடி போட விடாதீர்கள். மாட்டியதும் நைட்ரஜன் ஏற்றி, ஒரு நாளாவது அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு வாக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும், வாக்யூம் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை. "கேஸை விட்டே காத்தை வெளியே தள்ளிடலாம்" என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நைட்ரஜன் கைவசம் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். எங்கள் தொழிலில் ஆட்கள் இதில் செத்திருக்கிறார்கள். நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிறம், கழுத்து கறுப்பு. ஆக்சிஜன் கறுப்பு, கழுத்து வெள்ளை. பற்றவைக்க அந்தக் கறுப்பு சிலிண்டரும் வரும், அதில் தவறில்லை. அதன் ஹோஸ் பற்றவைக்கும் டார்ச்சுக்குப் போகிறதா, ஏசிக்குப் போகிறதா என்று பாருங்கள். ஏசிக்குப் போகிறது என்றால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். வேலைக்கு வந்த பையன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.