அழிறப்பர் பிடிக்காத பேரேடு

கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும்: பிழை விட்டால் அழிறப்பரைத் தேடக்கூடாது. கோடு கிழித்துவிட்டுக் கீழே சரியானதை எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளமும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்கு வைக்கிறது.

1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் குழு இதைத் தொடங்கியது. அவர் முன்பு கட்டிய தரவுத்தளம் இங்கிரெஸ். அதற்குப் பிந்தியது என்பதால் இது போஸ்ட்கிரெஸ். பழைய பதிவை விட்டுவைத்தால் 'போன மாதம் கணக்கு எப்படி இருந்தது?' என்றும் கேட்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த வசதியைப் பிற்பாடு கைவிட்டார்கள். அழிக்காத பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதுதான் இதன் பெரிய பலம் என்பேன்.

எப்படி? கடையில் 40 சங்கிலிகள் என்று ஒரு வரி. மாடியில் முதலாளி இருப்புக் கணக்கை ஓடவிட்டிருக்கிறார். கீழே ஒன்று விலைப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் அந்த 40இல் கை வைக்காது. 39 என்று புதிய வரி எழுதும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள் மறைந்திருக்கும்: எந்தப் பரிவர்த்தனை அதை எழுதியது, எது அதைப் பழசாக்கியது. முதலாளியின் கணக்கு விற்பனைக்கு முன்பே தொடங்கியதால் அதற்கு 40தான் தெரியும். அடுத்துக் கேட்பவருக்கு 39. வாசிப்பவருக்காக எழுதுபவர் காத்திருப்பதில்லை. ஒரே வரியை இருவர் மாற்றப் போனால் மட்டும் ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

பிற்பாடு பெர்க்லியின் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியை இதற்குப் பொருத்தினார்கள். 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற வாயில் நுழையாத பெயர் வந்தது. ஒரே வரியின் பல பதிப்புகளை வைத்து அவரவருக்கு உரியதைக் காட்டும் இப்போதைய பல்பதிப்பு முறை 1999இல், 6.5 பதிப்பில் வந்தது. 2001இல் இன்னொரு பழைய கடைப் பழக்கமும் சேர்ந்தது: மாற்றத்தை முதலில் நாளேட்டில் (அன்றாடக் குறிப்பேட்டில்) எழுதி, பிறகுதான் பேரேட்டில் பதிவது. இடையில் கரண்ட் போனாலும் நாளேட்டைப் பார்த்து மீட்டுவிடலாம்.

சரி, கோடு கிழித்த வரிகள் குவியாதா? குவியும். ஆகவே 'வேக்கம்' என்ற துப்புரவு வேலை, யாருக்கும் தேவைப்படாத பழைய வரிகளின் இடத்தை மீட்டெடுக்கிறது. மாடியில் ஒரு கணக்கு நாள் முழுக்க முடியாமல் கிடந்தால் துப்புரவும் தேங்கும்; சேமிப்பு வட்டில் இடம் அடைபடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பரிவர்த்தனை எண்கள் சுற்றி வருபவை: ஓர் எல்லைக்குப் பின் மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும். சுமார் 200 கோடிப் பரிவர்த்தனைகள் ஓடுவதற்குள், இன்னும் புழக்கத்தில் உள்ள பழைய வரிகளுக்கு வேக்கம் நிரந்தர முத்திரை குத்தியாக வேண்டும். தவறினால் போஸ்ட்கிரெஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். வாசிக்க மட்டும் விடும்.