கைட்டினை 'ஓட்டுப்புரதம்' என்பவர்களுக்கு

இறால், நண்டு ஓட்டுக் கழிவிலிருந்து பயனுள்ள பொருள்களைப் பிரித்தெடுப்பது பற்றித் தமிழில் எதைப் படிக்க எடுத்தாலும், இரண்டாம் பத்திக்குள் 'ஓட்டுப்புரதம்' வந்து நிற்கிறது. அந்த ஓடுகளில் இருக்கும் கைட்டின் என்ற பொருளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எத்தனை முறைதான் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பது?

பெயர் வந்த கதை சின்னது. 1811-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ இந்தப் பொருளைக் காளானில் கண்டார். 1823-இல் ஓடியே என்ற ஆய்வாளர் அதை வண்டின் சிறகுறையிலிருந்து எடுத்துக் கைட்டின் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'கித்தோன்' என்றால் உடலை மூடும் அங்கி. முதல் ஒலி ககரம்தான். 'சிட்டின்' என்று எழுதுபவர்கள் 'chitin' என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஏமாந்தவர்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம்.

புரதம் என்பதை எப்படி மன்னிப்பது? கைட்டின் ஒரு சர்க்கரைச் சங்கிலி, செல்லுலோஸுக்கு நெருங்கிய உறவு. ஓட்டில் புரதமும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை ஒழித்துக்கட்டத்தான் இவ்வளவு பாடும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கால்சியம் கார்பனேட் நுரைத்துக் கரைந்து போகும். அப்புறம் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கிப் புரதத்தைக் கழுவி வெளியேற்றுவார்கள். மிஞ்சுவதுதான் கைட்டின். புரதத்தை விரட்டிவிட்டு மிஞ்சியதற்குப் புரதம் என்றே பெயர் வைப்பது, உமியைப் புடைத்துத் தள்ளிவிட்டு அரிசியை 'உமி' என்று அழைப்பது போல.

கூத்து இதோடு முடியவில்லை. கைட்டினை 40–50 விழுக்காட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் கொதிக்கவிட்டால் அந்தச் சங்கிலியில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு அணுக்கூட்டங்கள் பெரும்பாலும் கழன்று கைட்டோசான் கிடைக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கைட்டின் கரையாது, கைட்டோசான் கரையும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பில் 'ஓட்டுப்புரதத்திலிருந்து ஓட்டுப்புரதம் பெறப்படுகிறது' என்று படித்தேன். எழுதியவர் ஒரு முறையாவது திரும்பப் படித்திருக்கக் கூடாதா? அகராதியைப் புரட்டத் தெரிந்தால் போதும், பொருள் புரிய வேண்டியதில்லை என்ற நினைப்பு நம் அறிவியல் மொழிபெயர்ப்பில் வேரோடிவிட்டது.

கைட்டினை 'ஓட்டுநார்' என்பது அதைவிடப் பரவாயில்லை. ஆனால் காளானுக்கு ஏது ஓடு?

தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் கித்தோனுக்கே திரும்பலாம். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்து வரும் சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். கிரேக்க அங்கியிலிருந்து வந்த பெயருக்கு, யவனர் சட்டையைக் குறித்த தமிழ்ச்சொல்லை விடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்? 'மெய்ப்பையம்' என்று வைத்துக்கொள்ளலாம். வண்டு, இறால், காளான் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பழகும்வரை கைட்டின் என்றே எழுதுங்கள், தவறில்லை.

கைட்டோசானை மட்டும் தொட வேண்டாம். 1894-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹோப்பே-சைலர் வைத்த அந்தப் பெயரே இருக்கட்டும். இரண்டும் வேறு வேறு என்பதாவது தெளிவாகத் தெரியும்.