அடாப்ஷன்: தத்தா, ஏற்பா?

வைஃபை வேலை செய்கிறவர்கள் நடுவில் ஒரு நாள் நின்றால் இந்தச் சொல் பத்து முறையாவது காதில் விழும். “ஏபி அடாப்ட் ஆகலை.” “அடாப்டிங்லயே நிக்குது.” “அடாப்ஷன் ஃபெயில்டுன்னு வருது.” கூரையில் மாட்டிய ஆக்சஸ் பாயிண்ட்டை (வைஃபை அலை பரப்பும் கருவி, சுருக்கமாக ஏபி), அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் மென்பொருள் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதற்குத்தான் அடாப்ஷன் என்று பெயர். யுனிஃபை, ஓமாடா என்ற வைஃபை கருவி வரிசைகள் இரண்டின் திரையிலும் இதே சொல்தான். சிஸ்கோ நிறுவனத்தின் கருவிகள் பக்கம் போனால் ‘ஜாயின்’ என்பார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை நடந்தபோது, கூட வந்த தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டான்: “அண்ணே, அடாப்ட்னா தத்து எடுக்கிறதுதானே?” அகராதிப்படி சரிதான். ஆனால் கூரையில் இருந்த அந்த வெள்ளை வட்டுக்கு அந்தச் சொல் பொருந்தவே இல்லை. ஏன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஆப்டாரே’ என்றால் தேர்ந்தெடுப்பது, விரும்புவது. ‘ஆப்ஷன்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, அடாப்ட் என்பதில் முன்னே நிற்பவர் தேர்ந்தெடுப்பவர். நாம் சொல்லும் தத்து வேறு பக்கமிருந்து வருகிறது. வடமொழியில் ‘தத்த’ என்றால் கொடுக்கப்பட்டது. தத்தம் செய்தல், தத்துப்பிள்ளை எல்லாம் அதன் வழிதான். (தவளை தத்துவதும் தத்துக்கிளியும் வேறு, அந்தத் தத்து தாவுதலைக் குறிக்கும் தமிழ்ச் சொல்.) இங்கே முன்னே நிற்பவர் கொடுப்பவர். சுவீகாரம் என்றால் ‘தன்னுடையதாக்கிக் கொள்ளுதல்’. அதில் முன்னே நிற்பவர் எடுத்துக்கொள்பவர். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்கிறது: பிள்ளையை உண்மையாகவே கொடுக்கவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும், தத்த ஹோமம் என்ற சடங்கு கட்டாயமில்லை.

இந்த மூன்று சொல்லிலும் பிள்ளை வாய் திறப்பதில்லை. ஆக்சஸ் பாயிண்ட்டோ முதலில் தானே பேசுகிறது. மின்சாரம் வந்ததும், வலையில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி வழியாக ஒரு முகவரி வாங்கும். கிடைக்காவிட்டால் யுனிஃபை கருவி 192.168.1.20 என்று தானே வைத்துக்கொள்ளும். பிறகு ‘நான் இங்கே இருக்கிறேன், யாருடையவனும் இல்லை’ என்று அந்த வலைக்குள் அறிவிக்கும். கன்ட்ரோலர் இருக்கும் இடம் தெரிந்தால் அதன் 8080 போர்ட்டுக்கு (செய்தி நுழையும் எண்ணிட்ட வாசல்) செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்திக்கு அவர்கள் வைத்த பெயரே ‘இன்ஃபார்ம்’. கேட்பது கருவி, சம்மதிப்பது கன்ட்ரோலர்.

அதனால் நான் ‘ஏற்பு’ என்கிறேன். ஏல் என்பது பழைய வேர். கை நீட்டி வாங்குவதும் ஏற்பதுதான். ஆத்திசூடியின் ‘ஏற்பது இகழ்ச்சி’ அந்தப் பொருளில் வருகிறது. சம்மதித்துப் பொறுப்பெடுப்பதும் ஏற்பதுதான். ‘வயதுக்கு ஏற்ற’ என்னும்போது பொருத்தம் என்ற பொருளும் அதில் இருக்கிறது. ‘பெண்டிங் அடாப்ஷன்’ என்பதை ‘ஏற்புக்குக் காத்திருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள், கருவியின் நிலை அப்படியே கண் முன் வரும். ‘அடாப்ஷன் ஃபெயில்டு’ என்பது ‘ஏற்பு நிறைவேறவில்லை’.

இப்படிச் சொன்னதும் பழுது பார்க்கும் வழியும் தெளிவாகிறது. கோரிக்கை போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் ஏற்க முடியவில்லையா, ஏற்ற பிறகு தொடர்பு அறுந்ததா? இந்த மூன்றுக்குள்தான் பெரும்பாலும் எல்லாம் அடங்கும்.

மண்டபத்தில் எங்களைப் படுத்தியது நடுவில் உள்ளது. பட்டியலில் நான்கு கருவியும் தெரிந்தன. ஏற்கச் சொன்னால் சற்று நேரம் ‘அடாப்டிங்’, பிறகு ‘ஃபெயில்டு’. பட்டியலில் தெரிகிறதே, அப்புறம் நெட்வொர்க்கில் என்ன குறை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வலையில் செய்தி அனுப்ப யுடிபி, டிசிபி என்று இரண்டு முறைகள் உண்டு. கருவி ‘இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லும் அறிவிப்பு வருவது யுடிபி 10001 வழியாக. இன்ஃபார்ம் வருவது டிசிபி 8080 வழியாக. ஒரு வாசல் திறந்து, இன்னொன்று மூடியிருந்தது. கன்ட்ரோலர் ஓடிய மடிக்கணினி, மண்டபத்து வலையைப் பொது இடத்து வலை என்று குறித்துவைத்திருந்ததால், வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் அதன் ஃபயர்வால் 8080-ஐத் தடுத்துக்கொண்டிருந்தது. அதைத் திறந்ததும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, ஏற்பு முடிந்ததைக் காட்டும் நீல விளக்குக்கு மாறின.

கருவி பட்டியலிலேயே வரவில்லை என்றால் கன்ட்ரோலர் பெரும்பாலும் வேறு சப்நெட்டிலோ (வலையின் வேறு பிரிவு) வெளியூர் சர்வரிலோ இருக்கும். அறிவிப்பு ரௌட்டரைத் தாண்டாது. அப்போது தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சில் கருவிக்கு உள்ளே போய் ‘செட்-இன்ஃபார்ம்’ கட்டளையில் கன்ட்ரோலர் முகவரியை நாமே சொல்ல வேண்டும். கருவி நிறைய இருந்தால் அந்த முகவரியை டிஹெச்சிபியின் ஆப்ஷன் 43 என்ற அமைப்பில் எழுதுவதோ, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் யுனிஃபை என்ற பெயரைக் கன்ட்ரோலருக்குக் காட்டுவதோ நல்லது.

ஏற்ற பிறகு கருவி காணாமல் போவதும் உண்டு. கன்ட்ரோலரை டாக்கருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் ஏற்பாடு) ஓட்டுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். கன்ட்ரோலர் தன் முகவரியாக 172.17 என்று தொடங்கும் உள்முகவரியைக் கொடுத்துவிடும். கருவியால் அங்கே போகவே முடியாது. ‘இன்ஃபார்ம் ஹோஸ்ட்’ அமைப்பில் வெளியிலிருந்து தெரியும் முகவரியை எழுதினால் சரியாகிவிடும்.

தத்து என்ற சொல்லுக்கு நியாயமாக ஒரு இடம் விட வேண்டும் என்றால் அது ‘மேனேஜ்டு பை அதர்’, அதாவது கருவி வேறொரு கன்ட்ரோலரின் பொறுப்பில் இருக்கிறது என்று வரும் இடம்தான். ஏற்கெனவே தத்துப் போன பிள்ளையை மறுபடி தத்துக் கொடுக்கச் சட்டம் விடாது. இங்கேயும் பழைய கன்ட்ரோலர் விடுவிக்காமல் புதியது எளிதில் ஏற்காது. பழையதில் ‘ஃபர்கெட்’ என்று இருப்பதை நான் விடுவிப்பு என்றே சொல்கிறேன். மறதிக்கு இங்கே வேலையில்லை. பழைய கன்ட்ரோலரே அழிந்துபோயிருந்தால், மறுபடி ஏணி போட்டு, ரீசெட் துளையில் ஊசியைவிட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கருவி திரும்ப எழுந்து வெள்ளை விளக்கு நிலையாக நின்றால், அது மறுபடி ஏற்புக்குக் காத்திருக்கிறது.