கூம்புக்கு அடுத்து கோளம்: பாடங்களைக் கலந்து படித்தால் ஏன் மனதில் நிற்கிறது?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சேலம் அஸ்தம்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அலமாரிக் கதவில் அவள் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். திங்கள் முழுக்கக் கணக்கு, செவ்வாய் முழுக்க அறிவியல், புதன் சமூக அறிவியல், அப்புறம் தமிழ், ஆங்கிலம். கலர் பேனாவில் அழகாகக் கட்டம் போட்டிருந்தாள். முகம் மட்டும் வாடியிருந்தது.

"அளவியல் கணக்கு வீட்டுல போட்டப்போ எல்லாமே சரியா வந்துச்சு மாமா. டெஸ்ட்ல ஒண்ணுமே ஓடல."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. உருளைக் கணக்குகள் வரிசையாக, அவை முடிந்ததும் கூம்பு, அது முடிந்ததும் கோளம். பக்கத்துக்குப் பக்கம் டிக். அந்த வரிசையில்தான் சிக்கல் இருந்தது.

உருளைப் பயிற்சியை எடுத்து உட்கார்ந்தால், மூன்றாவது கணக்கிலேயே கேள்வியை முழுதாகப் படிக்கும் தேவை போய்விடும். ஆரத்தையும் உயரத்தையும் பொறுக்கி எடுத்துச் சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். எந்தச் சூத்திரம் என்று முடிவு செய்யும் வேலையைப் பயிற்சியின் தலைப்பே செய்துவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. ஒரு வாளியின் மேல் ஆரம் இவ்வளவு, கீழ் ஆரம் இவ்வளவு, எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்றுதான் கேட்பார்கள். வாளி என்றால் இடைக்கண்டம், அதாவது நுனி வெட்டிய கூம்பு, என்று பிடிப்பதே அங்கே பாதிக் கணக்கு. அந்தப் பாதியை அவள் ஒரு நாள்கூடப் பழகியிருக்கவில்லை.

இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழு, வகை வகையாகப் பிரித்துப் போட்டது. இன்னொரு குழு அதே கணக்குகளைக் கலைத்துப் போட்டது. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலைத்துப் போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால், பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலைத்துப் போட்டவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். முதன்முதலில் இந்த எண்களைப் பார்த்தபோது நான் இரண்டு தடவை திரும்பப் படித்தேன். என் மருமகளின் நோட்டில் இருந்த டிக்குகள் அந்த 89.

கலப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. சேலத்தில் மாம்பழ சீசனில் கடைக்குப் போனவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். மல்கோவாவை மட்டும் நாள் முழுக்கப் பார்த்தால் மல்கோவா எப்படி இருக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். மல்கோவா, இமாம் பசந்த், கிளிமூக்கு மூன்றையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்தால்தான் எது எதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று கண்ணும் மூக்கும் தேட ஆரம்பிக்கும். 2008-இல் நேட் கார்னெல், ராபர்ட் பியார்க் இருவரும் 12 ஓவியர்களின் படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். படங்களைக் கலந்து பார்த்தவர்களே, புதிய படத்தைக் காட்டியதும் வரைந்தவரை நன்றாக அடையாளம் சொன்னார்கள். ஆனால் எந்த முறையில் நன்றாகக் கற்றீர்கள் என்று கேட்டால், ஒவ்வொருவர் படத்தையும் மொத்தமாகப் பார்த்த முறையைத்தான் பெரும்பாலோர் சொன்னார்கள். கலந்து படிக்கும்போது மனசு தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைப் பிள்ளைகள் 'நமக்கு வரவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோரும் அப்படியே நினைத்துத் திட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது.

சரி, உருளையும் கூம்பும் ஒன்றையொன்று ஒத்தவை. தமிழையும் வேதியியலையும் கலந்தால்? அங்கே இந்த ஒப்பிடும் பலன் பெரிதாகக் கிடைக்காது. இலக்கணத்தையும் அமிலத்தையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லையே. அங்கே கிடைப்பது இடைவெளி. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட தன் ஆய்வில், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பார்த்ததற்கு, மூன்று நாட்களில் பரப்பிச் சொன்ன 38 தடவையே ஈடாக இருந்தது. பாதி மறந்த ஒன்றை மூளை முயன்று மீட்டு எடுக்கும்போது அது முன்பைவிட அழுத்தமாகப் பதிகிறது. அமிலத்துக்கும் அமிலத்துக்கும் நடுவே புறநானூறு வந்தால், அந்த மறதிக்கு நேரம் கிடைக்கிறது. அதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாடம் என்று தாவக் கூடாது. ஒரு கருத்து முதலில் பிடிபட வேண்டும், பிறகுதான் கலப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் அவளுக்குக் காது அடைத்தது. வெளியே காற்றழுத்தம் குறைய, நடுச்செவிக்குள் இருக்கும் காற்று செவிப்பறையைத் தள்ளுகிறது. எச்சில் விழுங்கினால் தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையில் உள்ள குழல் திறந்து சரியாகிவிடும். மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. அதுவும் அதே அழுத்தம்தான். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள் வந்தன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் மேலே எட்டு டிகிரி வரை குளிர்ச்சி, அது காப்பிக்குப் பிடிக்கும். உயிரியல், இயற்பியல், வரலாறு, புவியியல் எல்லாம் ஒரே டிக்கெட்டில். உப்பிய பாக்கெட்டை நினைத்தால் காது நினைவுக்கு வரும், காதை நினைத்தால், அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், கூடினால் சுருங்கும் என்ற பாயில் விதி வரும். ஒரு விஷயத்துக்குப் போக இப்படிப் பல வழி இருந்தால், ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

ஏரிக்கரையில் தண்ணீர் குடித்து முடித்து, காலி லிட்டர் பாட்டிலை இறுக மூடினாள்.

"கீழ போனா இது நசுங்கும் மாமா. பாயில் விதி."

அடிவாரத்தில் எடுத்துப் பார்த்தோம். நசுங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் திருப்தியாகவில்லை.

"ஆனா கீழ சூடு ஜாஸ்தி. சார்லஸ் விதிப்படி காத்து விரியணுமே?"

"விரியும் கண்ணு. எது எவ்வளவுன்னு போட்டுப் பாரு."

டிக்கெட்டின் பின்பக்கம் பத்தாமல் என் உள்ளங்கையிலும் எழுதினாள். மலை மேல் அழுத்தம் கீழே இருப்பதில் ஏழில் ஆறு பங்கு. ஆகவே கீழே வரும்போது காற்று சுமார் 14 சதவீதம் சுருங்க வேண்டும். வெப்பநிலை கெல்வினில் 295-லிருந்து 303. அது 3 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் விரிக்கும். கழித்துப் பார்த்தால் லிட்டருக்கு நூறு மில்லிக்குக் கொஞ்சம் மேலே குறையும். அஸ்தம்பட்டியில் இறங்கியதும் அந்தப் பாட்டிலை மூடி திறக்காமல் வாளித் தண்ணீரில் அமுக்கி அளக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.