33 வாட் சார்ஜர் போட்டும் ராஸ்பெரி பை ரவுட்டர் ஏன் துண்டிக்கிறது?

மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி போர்டில் (சுருக்கமாக 'பை') யுஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது வைஃபை பரப்பும் சின்னச் செருகி ஒன்றைச் செருகி வீட்டுக்கு ரவுட்டர் செய்திருக்கிறார். பகலில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் நாலைந்து போன்கள் சேர்ந்ததும் வைஃபை பெயரே மறைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வருகிறது. மாலையில் ஊரில் ஈபி வோல்டேஜ் குறையும், அதுதான் காரணமா என்று கேட்கிறார். சார்ஜர் 33 வாட் என்றும் சொல்லியிருக்கிறார்.

வோல்டேஜ் என்ற சந்தேகம் சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் குறைகிற இடம் ஈபி கம்பி இல்லை. சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அந்த எல்லைக்குள் எவ்வளவு வந்தாலும் அது 5 வோல்ட்டைப் பிடித்து நிறுத்திவிடும். குறைவது அதற்குப் பிறகு, அந்த ஒரு மீட்டர் கேபிளில்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். வைஃபை பெயர் தெரிகிறது, போனும் இணைகிறது, ஆனால் நெட் மட்டும் வரவில்லை என்றால் அது அமைப்புக் கோளாறு. ஃபைபர் பெட்டியும் பையும் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். பையை 192.168.50.1-க்கு மாற்றினால் போதும். பெயரே மறைகிறது என்றால் டாங்கிளின் ரேடியோவே அணைந்து எழுகிறது. அப்போது பார்க்க வேண்டியது மின்சாரத்தை.

33 வாட் என்ற எண் போனுக்காகச் சொன்னது. போனும் சார்ஜரும் பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் சார்ஜர் 9, 11 வோல்ட் என்று ஏறும். பை 4 அப்படிக் கேட்பதே இல்லை; அதற்கு 5 வோல்ட்தான் வேண்டும். பல போன் சார்ஜர்கள் 5 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் தரும். அதாவது 10 வாட்.

அந்தப் பத்து வாட்டும் முழுசாகப் போய்ச் சேராது. பெரியாறு பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலின் தலையான பேரணையில் திறந்த தண்ணீர் கள்ளந்திரி வரை ஓடுகிற ஓட்டம் வேறு, மேலூர் கடைமடைக்கு வந்து சேர்கிற ஓட்டம் வேறு. ஒரு வித்தியாசம் உண்டு: வாய்க்காலில் தண்ணீரே குறைந்துபோகிறது. கேபிளில் கரண்ட் குறைவதில்லை, அதைத் தள்ளுகிற அழுத்தம் குறைகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவான கேபிள்களுக்குள் இருக்கும் 28 கேஜ் செம்புக் கம்பி 0.32 மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரு மீட்டருக்கு 0.21 ஓம். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆகவே 0.42 ஓம். பகலில் போர்டு சும்மா இருக்கும்போது 0.6 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கேபிளில் விழுவது கால் வோல்ட். போர்டுக்கு 4.75 கிடைக்கும். மாலையில் எல்லோரும் வீடியோ பார்க்க, டாங்கிளும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுத்தால் விழுவது 0.63 வோல்ட். மிஞ்சுவது 4.37. பையின் அபாயக் கோடு 4.63. பகலுக்கும் சாயங்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தப் பெருக்கலுக்குள் அடங்கிவிட்டது!

கோட்டுக்குக் கீழே போனதும் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாங்கிளுக்கு அந்த வசதி இல்லை. அது தொடர்ந்து பேசுவதும் இல்லை. நொடிக்குப் பத்து முறை தன் பெயரை அறிவிக்கும், நடுநடுவே டேட்டாவை வெடிப்பு வெடிப்பாக அனுப்பும். ஒவ்வொரு வெடிப்பிலும் கரண்ட் எகிறும், வோல்டேஜ் பள்ளம் விழும். ஆழமான ஒரு பள்ளத்தில் டாங்கிள் ரீசெட் ஆகிவிடும். பை தன் நடப்புகளை எழுதி வைக்கும் டிமெசேஜ் (dmesg) பதிவில் யுஎஸ்பி துண்டிப்பும், அடுத்த வரியிலேயே புதிய சாதனம் வந்ததும் பதிவாகியிருந்தால் அதுதான் சாட்சி.

இந்தப் பள்ளங்கள் மில்லிநொடிக் கணக்கு என்பதால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். பை தானே வைத்திருக்கும் குறிப்பு நம்பகமானது. பையிலேயே உள்ள விசிஜென்கமாண்ட் கட்டளையில் 'கெட் த்ராட்டில்டு' (vcgencmd get_throttled) கேட்டால், 50000 என்று முடிகிற பதில் பூட் ஆனதிலிருந்து ஒருமுறையாவது வோல்டேஜ் குறைந்ததைச் சொல்லும். 50005 என்றால் இப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது. மீட்டரிலும் பார்க்க விரும்பினால் போர்டின் ஊசி வரிசையில் 4-ம் பின்னிலும் (5 வோல்ட்) 6-ம் பின்னிலும் (கிரவுண்ட்) பெண் முனை ஜம்பர் வயர் செருகி அளந்து பாருங்கள். மீட்டர் முனையை நேராக வைக்க வேண்டாம். வழுக்கி 5 வோல்ட்டும் பக்கத்து 3.3 வோல்ட் பின்னும் ஒட்டிக்கொண்டால் போர்டு போய்விடும்.

அந்தக் கேபிள் கணக்கு பத்தாம் வகுப்புப் பாடம். மத்திய அரசுத் திட்டமான அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்குகிறார்கள். அதில் 3டி பிரின்டர் வாங்கும் முன் ஆளுக்கொரு மல்டிமீட்டர் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓம் விதியை எழுதத் தெரிந்த பிள்ளை அதைக் கேபிளில் அளந்து பார்த்தால் பிறகு மறக்காது.

தீர்வுக்கு வருவோம். பைக்கென்றே வரும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். அந்த 0.1 வோல்ட் கேபிளில் விழப்போவதற்கான முன்பணம். அதன் கேபிள் 18 கேஜ் தடிமன், அடாப்டரோடு சேர்ந்தே வரும். தனிக் கேபிள்தான் வேண்டுமென்றால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கும்போது உறையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். '2சி' என்பதற்கு முன்னால் உள்ள கேஜ் எண் மின்சாரக் கம்பியுடையது. எண் சிறியதாக இருந்தால் கம்பி தடிமன். 24-க்கு மேல் போக வேண்டாம். 20 கிடைத்தால் நல்லது, அரை மீட்டர் போதும். டாங்கிள் அதிகம் இழுக்கிற ரகம் என்றால் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்பில் செருகுங்கள். பையின் நான்கு போர்ட்டும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும்.

மாற்றிய பிறகு ரீபூட் செய்து, ஒரு சாயங்காலம் முழுக்க ஓடவிட்டு அந்தக் குறிப்பை மறுபடி பாருங்கள். வோல்டேஜ் குறைந்ததாக அது சொல்லாமலும் பெயர் மறைந்தால் சூட்டைப் பாருங்கள். தகரக் கூரைக்கடியில் பரணில் வைத்த பை சித்திரை வெயிலில் 80 டிகிரியைத் தொட்டுவிடும். அங்கேயும் அது வேகத்தைக் குறைக்கும். ஒரு ஹீட்சிங்க்கும் சின்ன விசிறியும் வைத்து, பரணிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள்.