காற்று நிற்கிறது என்பதற்காக ரிம் நல்லதென்று ஆகாது

மாரி தொடங்கிவிட்டால் எங்கள் ரயர் கடைக்கு அடிபட்ட ரிம்கள் வருவது கூடிவிடும். தெருவில் தண்ணீர் நிறைந்த கிடங்கு எவ்வளவு ஆழமென்று ஓட்டுபவருக்குத் தெரியாது. ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் இரவில் வருபவர்கள் காட்டுப் பாதையில் யானைக்கும், ஊருக்குள் தெருவில் படுத்துக் கிடக்கும் மாட்டுக்கும் வெட்டி ஒதுக்கும்போது, உடைந்த தெருவோரத்தில் சில்லை இறக்கிவிடுகிறார்கள். ரயர் தப்பிவிடும். காற்றும் நிற்கும். அதனால் ரிம்முக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அந்த நினைப்புத்தான் எனக்குப் பயம்.

வெளியில் தெரியும் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கல்லில் உரசிப் பெயின்ட் போன கீறல் கண்ணை உறுத்தும், ஆனால் பெரும்பாலும் அது அழகுப் பிரச்சினையோடு நின்றுவிடும். மோசமான அடி விழுவது உட்பக்க விளிம்பில். அலோய் (அலுமினியக் கலவை) ரிம்மில் ஸ்போக்குகள் வெளிப்பக்கமாக இருப்பதால் அந்த விளிம்புக்குத் தாங்கல் உண்டு, உள்விளிம்புக்கு இல்லை. வாகனத்தை ஜக்கில் தூக்கிச் சில்லைக் கழற்றி, ரயரையும் இறக்கிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

அண்மையில் ஒரு வான் வந்தது. நிலாவெளி ஹோட்டல்களிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வான். ஒரு சில்லில் மட்டும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், ஓட்டுநரும் காற்றை அடித்து அடித்து ஓடியிருக்கிறார். ரயரில் ஆணி இல்லை, வால்வும் சரி. ரிம்மின் உட்புறச் சேற்றைக் கழுவிவிட்டுச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினோம். ஸ்போக்குக்குப் பின்புறம் மயிரிழை போன்ற ஒரு கோட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. பக்கத்திலேயே பழைய வெல்டிங் ஒன்று, தேய்த்துப் பெயின்ட் அடித்தபடி இருந்தது. முன்பு ஒட்டிய இடத்தின் ஓரத்திலிருந்துதான் புது வெடிப்பு கிளம்பியிருக்கிறது.

“திரும்ப ஒட்டித் தாங்க அண்ணா, காற்று நிக்கும்தானே?” என்றார்.

நிற்கும். ஆனால் காற்று நிற்பது வேறு, பாரம் தாங்குவது வேறு. பெரும்பாலான அலோய் ரிம்கள் வார்த்த பிறகு 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கப்பட்டு, சட்டெனக் குளிர்விக்கப்பட்டு, மறுபடி குறைந்த சூட்டில் சில மணி நேரம் வைத்துப் பதப்படுத்தப்படுகின்றன. ரிம்மின் பலம் அந்தப் பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய், ஒட்டிய இடத்தைச் சுற்றி உலோகம் இளகிவிடும். காஸ் நெருப்பு வைத்து நெளிவெடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் உருகப்போகும் வரை நிறம் மாறாது, அதனால் எவ்வளவு சூடு ஏறியதென்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அலோய் ரிம்மில் வெடிப்பைக் கண்டால் நான் மாற்றத்தான் சொல்வேன். அதுவும் ஸ்போக்கிலோ நட் ஓட்டையைச் சுற்றியோ வெடிப்பு இருந்தால், அந்தச் சில்லோடு வீட்டுக்குக்கூடப் போக வேண்டாம். ஸ்பெயார் சில்லைப் போட்டுக்கொண்டு போங்கள்.

நெளிவு என்றால் கதை வேறு. 80, 90 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முன்சில்லையும், இருக்கை நடுங்கினால் பின்சில்லையும் முதலில் பாருங்கள். பலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டு விளிம்போரம் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள்ளுக் கருவி) வைத்தால் ஆட்டம் எவ்வளவென்று வந்துவிடும். கம்பனிக்குக் கம்பனி அளவு மாறும், ஆனாலும் அலோய்க்கு அனுமதிக்கும் ஆட்டம் ஒரு மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும். ஈயக்கட்டிகளை நிறைய ஒட்டி மெஷினில் பூச்சியம் காட்டவைக்கலாம், நெளிவு மட்டும் நெளிவாகவே இருக்கும். வெடிப்பில்லாமல், விளிம்பில் மாத்திரம் சின்ன நெளிவென்றால் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கலாம். அதே இடம் இரண்டாம் தரமும் நெளிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரும்பு ரிம்மில் இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். விளிம்பை அடித்து நிமிர்த்தலாம். நட் ஓட்டை தேய்ந்து நீண்டிருந்தால், அல்லது நடுத்தட்டு வளையத்தோடு சேரும் இடம் வெடித்திருந்தால் அதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் நிற்கும் வாகனங்களுக்கு இன்னொரு தொல்லை. ரயரின் வாய் உட்காரும் இடத்தை உப்புக் காற்று அரித்து, அலோயில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். வெடிப்பே இல்லாமல் காற்று இறங்குவது இதனால்தான். சுரண்டிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரி வரும், ஆழமாகக் குழி விழுந்திருந்தால் வராது. வானின் அடியில் தொங்கும் ஸ்பெயார் சில்லையும் இறக்கிப் பாருங்கள். யாரும் பார்க்காத இரும்பு அதுதான்.

செலவு எனக்குத் தெரியாததல்ல. 2020 இல் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இருப்பதை ஒட்டி ஓட்டும் பழக்கம் அந்த இடைவெளியில் ஊறிப்போனது. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். நாலையும் மாற்றவும் தேவையில்லை, கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிம் எடுக்கலாம். ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் (சின்னக் கார்கள் பலவற்றில் நாலு ஓட்டை, எதிரெதிர் ஓட்டைகளின் நடுவுக்கு நடு 100 மில்லிமீற்றர்), அகலமும் ஒஃப்செட்டும் (சில்லு உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு தள்ளி நிற்கும் என்ற அளவு) நடு ஓட்டையும் உங்கள் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். உட்பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் வேறு ரிம் பாருங்கள்.

புது ரிம் போட்ட பிறகு நட்களை எதிரெதிராக, அளவுச் சாவியால் (டோர்க் ரென்ச், இறுக்கத்தை அளந்து காட்டுவது) இறுக்கச் சொல்லுங்கள். ஒருக்கா கந்தளாய்க்குப் போய் வந்ததும் கடைக்கு வந்து திரும்ப இறுக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, நாங்கள் அதற்குக் காசு வாங்குவதில்லை.