செரட்டோனின் அன்றே கூடுகிறது, மனம் தேற ஏன் வாரக்கணக்கு?

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டர்கள் கூடவே சொல்லி அனுப்புவார்கள்: “பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.” அந்த இடைவெளியில்தான் பலர் மனம் தளர்ந்து மருந்தை விட்டுவிடுகிறார்கள். அந்த வாரங்களில் மூளைக்குள் நடப்பதைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி எலிகளைக் கொண்டு அறிந்ததுதான்.

ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் சேதி சொல்ல செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிடும்; பிறகு மிச்சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் அப்படி உறிஞ்சும் புரதத்தை அடைத்துவிடுகின்றன. மருந்து கொடுத்த சில மணி நேரத்திலேயே எலியின் மூளையில் செல்களுக்கு வெளியே செரட்டோனின் கூடியிருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் தாமதம் எதற்கு? ஒரு காரணம் மூளைத்தண்டில் இருக்கிறது. செரட்டோனினைச் சுரக்கும் ராஃபே செல்களே அதன் அளவையும் கண்காணிக்கின்றன. அளவு கூடினால் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மருந்து தொடங்கியதும் எலிகளில் இந்தச் செல்களின் மின்துடிப்பு வெகுவாகக் குறைகிறது. தொடர்ந்து கொடுத்தால் கண்காணிக்கும் ஏற்பிகள் (சேதியைப் பிடிக்கும் புரதங்கள்) மரத்துப்போய், சுமார் 2 வாரத்தில் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1980களில் மான்ட்ரியலில் பியர் பிளியே குழுவினர் கண்டறிந்தது இது.

என்னை மிகவும் கவர்ந்தது 2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழு செய்த சோதனை. பட்டினி போட்ட சுண்டெலியை வெளிச்சமான புதுப் பெட்டியில் விடுவார்கள். தீனி நட்டநடுவில் இருக்கும். பசி இழுக்கும், பயம் தடுக்கும். எலி சுவரோரமாகவே சுற்றிவரும். அது எவ்வளவு நேரம் கழித்து வாய்வைக்கிறது என்பதுதான் கணக்கு. ஃப்ளூவாக்ஸெட்டினை 5 நாள் கொடுத்தபோது மாற்றமில்லை. 28 நாள் கொடுத்த எலிகள் தயக்கம் குறைந்து சீக்கிரம் தின்றன. அதற்குள் அவற்றின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பு செல்கள் பெருகியிருந்தன. அந்தப் பகுதியில் மட்டும் எக்ஸ்ரே செலுத்திப் புதிய செல்கள் பிறப்பதைத் தடுத்தபோது, மருந்து பலிக்கவில்லை!

ஆனால் எல்லா எலி இனங்களிலும் இப்படி நடப்பதில்லை. புதிய செல்கள் இல்லாமலே மருந்து பலித்த இனமும் உண்டு. எலியின் தயக்கம் மனிதரின் மனச்சோர்வு ஆகிவிடாது என்பதையும் மறக்கக்கூடாது.

2021இல் ஹெல்சிங்கியில் ஏரோ காஸ்ட்ரேன் குழு கதையை இன்னொரு பக்கம் திருப்பியது. செல்களின் இணைப்புகளை வளர்க்க உதவும் டிஆர்கேபி என்ற ஏற்பியிலேயே இந்த மருந்துகள் நேரடியாக ஒட்டுகின்றன என்றது. அதற்கு மூளையில் மருந்து கணிசமாகச் சேர வேண்டும்; தாமதத்துக்கு அதுவும் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஒட்டும் இடத்தை மரபணு மாற்றத்தால் கெடுத்த சுண்டெலிகளில், செரட்டோனின் அமைப்பு அப்படியே இருந்தும், ஃப்ளூவாக்ஸெட்டின் வழக்கமான பலனைத் தரவில்லை.